பார்க்காத பாக்கெட்

பேல் மிஷினுக்குள்ளிருந்து முதலில் புகைதான் வந்தது. அலறல் அதற்குப் பிறகு வந்தது.

டோரதி மேசையருகே நின்று ஒரு ஜீன்ஸின் ஜிப்பை அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி கில்பர்ட் மிஷின் ஓட்டுகிறவன். பழைய துணிகளை இரும்புப் பெட்டிக்குள் திணித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், மேலிருந்து கனத்த தகடு இறங்கி எல்லாவற்றையும் நசுக்கிக் கெட்டி மூட்டையாக்கிவிடும். அன்று தகடு பாதி இறங்கும்போதே உள்ளே ஏதோ படபடவென்று வெடித்தது. தீப்பிடித்த துணியை வெளியே இழுத்துப் போடலாம் என்று கில்பர்ட் கதவைத் திறந்து வலது கையை உள்ளே விட்டான். கதவைத் திறந்தால் தகடு தானாக நிற்க வேண்டும், அப்படித்தான் மிஷினைச் செய்தவன் செய்திருந்தான். ஆனால் காண்ட்ராக்டர் மஞ்சுநாத், ஒவ்வொரு தடவையும் மிஷின் நின்று நின்று ஓடினால் லோடு எப்போது முடிவது என்று, அந்தப் பூட்டைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தான். அதனால் தகடு நிற்கவில்லை.

டோரதி ஓடிவந்து சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். தகடு நின்றது, ஆனால் மேலே ஏறவில்லை. கில்பர்ட்டின் கை முழங்கைக்குக் கீழே துணிகளோடு துணியாக நசுங்கி, எரிந்துகொண்டும் இருந்தது. அவன் "அக்கா, அக்கா" என்று கத்தினான். கடப்பாரையால் தகட்டை நெம்பி எடுப்பதற்குள் அவன் கத்துவதையும் நிறுத்திவிட்டான். வெளியே வந்ததைக் கை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வெடித்தது ஒரு பவர் பேங்க். எந்தப் புண்ணியவானோ ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் மறந்து வைத்துவிட்டு, அந்த ஜாக்கெட்டைக் கொண்டுபோய் கடையில் கொடுத்து, கூப்பனும் வாங்கிக்கொண்டு, பூமியைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான்.

அந்தக் கூப்பன் கதையைச் சொல்ல வேண்டும். துணிகளில் பச்சைக்கிளி லேபிள் தைத்து விற்கும் ஒரு பெரிய கம்பெனி. சந்தாபுரா கோடவுனில் வேலை செய்யும் பெண்கள் அதைக் கிளி கம்பெனி என்பார்கள். துணியைச் செய்தவனே அது கந்தலாகும்வரை பொறுப்பு என்று சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. சட்டம் வருவதற்குள் நல்ல பெயரை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி முந்திக்கொண்டது. கடைதோறும் ஒரு பெட்டி. 'பழசைக் கொடுங்கள், புதுசாகப் பிறக்கும்' என்று அதன்மேல் ஒரு கிளி. பெட்டியில் விழுவதெல்லாம் லாரி ஏறி, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தைத் தாண்டி, சந்தாபுராவில் மஞ்சுநாத்தின் கோடவுனுக்கு வந்து சேரும். பிறப்பைப் பற்றிக் கடையில் போர்டு இருந்தது. பிரசவம் பார்த்தது டோரதி, ஷோபா மாதிரிப் பெண்கள்தான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. துணி கைக்கு வந்ததும் முதல் வேலை பாக்கெட் பார்ப்பது. முன்பாக்கெட், பின்பாக்கெட், சில்லறை வைக்கும் குட்டிப் பாக்கெட், கோட்டென்றால் உள்பாக்கெட். அப்புறம்தான் ஜிப், பட்டன், தரம் பிரிப்பது எல்லாம். பாக்கெட்டில் கிடைத்தது பார்த்தவளுக்குச் சொந்தம். சில்லறை, சீப்பு, லிப்ஸ்டிக், ஒரு தடவை யாருடைய பல்செட்டோகூட. சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஆண்பிள்ளைச் சட்டையில், கிழிந்த ஜீன்ஸிலிருந்து வெட்டியெடுத்த பாக்கெட் ஒன்றை ஒவ்வொருத்தியும் தைத்துக்கொண்டிருந்தாள். கிடைத்தது அதற்குள் போகும். சம்பளத்தில் கிடைக்காத சந்தோஷம் அதில் இருந்தது. அந்த ஆசையினால்தான் ஒரு பாக்கெட்டும் தப்பாமல் இருந்தது.

கில்பர்ட்டுக்கு அடிபடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஷோபாவுக்கு ஒரு தங்க மூக்குத்தி கிடைத்தது. மஞ்சுநாத் பார்த்துவிட்டான். கோடவுனுக்குள் இருப்பதெல்லாம் தன்னுடையது என்றான். ஷோபா தர மறுத்தாள். எல்லாருக்கும் முன்னால் அவள் கன்னத்தில் அறைந்து, கையை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டான். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

டோரதிக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது. "பாக்கெட் அவனுதுன்னா அவனே கைய விட்டுப் பாக்கட்டும்டி. இனிமே ஒருத்தியும் பாக்கெட்ட தொடாதீங்க. ஜிப்ப அறுங்க, தூக்கிப் போடுங்க" என்றாள். பெண்கள் குஷியாகத் தலையாட்டினார்கள். மஞ்சுநாத்தின் வயிற்றில் அடித்தாயிற்று என்று எல்லாருக்கும் நினைப்பு. பார்க்காத பாக்கெட்டுகள் அப்படியே மிஷினுக்குப் போக ஆரம்பித்தன. மிஷினில் நின்றது மஞ்சுநாத் இல்லை, கில்பர்ட் என்பது அந்தக் கோபத்தில் யாருக்குமே தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கில்பர்ட்டின் கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்டின் டவுன் சர்ச் பாடல் குழுவில் கிடார் வாசித்த கை. டோரதி வார்டு வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய அழுகையில் ஒரு பங்கு துக்கம், மிச்சம் பயம். 'நீதான்டி' என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. தம்பியிடம் அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

கம்பெனியிலிருந்து ராகேஷ் வந்தான். துணி மறுசுழற்சிக்கென்றே கம்பெனி வைத்திருக்கும் அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, வீட்டில் தமிழ் பேசுகிறவன்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா டெக்னிக்கலா இவர் எங்க எம்ப்ளாயி இல்ல. துணிய காண்ட்ராக்டர்கிட்ட கொடுத்ததும் எங்க பொறுப்பு முடிஞ்சிடுது" என்றான்.

மஞ்சுநாத் தன் பங்குக்குப் போலீஸில் எழுதிக் கொடுத்தான்: கில்பர்ட் குடித்திருந்தான், போதையில் பூட்டை உடைத்துக் கையை விட்டான். கதவு திறந்தால் தகடு இறங்கவே இறங்காது, மிஷினை நானே சோதித்துப் பார்த்தேன் என்று அதற்குக் கீழே ராகேஷும் கையெழுத்துப் போட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஒரு கை இல்லாதவன் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

கில்பர்ட் குடியை விட்டு வருஷங்களாயிற்று. பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, அம்மாவின் ஜெபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன். கை போனதற்கு அழாதவன் இதற்கு அழுதான். "குடிகாரன்னு எழுதிட்டாங்களாக்கா? ஃபாதர் கேட்டா என்ன சொல்றது?" என்றான். அந்த வார்த்தையை அவர்கள் வாயாலேயே திரும்ப வாங்க வைக்காமல் விடமாட்டேன் என்று டோரதி அன்றே முடிவு செய்தாள். அதற்காகத்தான் அந்தக் கோடவுனுக்கே திரும்பவும் வேலைக்குப் போனாள்.

மறுபடி பாக்கெட் பார்க்க ஆரம்பித்தாள். ஆசைக்காக இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிப்பக்கம் திருப்பி உதறினாள். மற்ற பெண்களும் தங்கள் பாக்கெட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை கம்பெனி கோடவுனில் விழா வைத்தது. வாசலில் ஷாமியானா, கிளி போட்ட பேனர், வெளிநாட்டு விருந்தாளிகள், போட்டோகிராபர். பெண்களுக்குக் கிளி போட்ட பச்சை டீ ஷர்ட் கொடுத்தார்கள். டோரதி அதை மடித்து மேசைக்கடியில் வீசிவிட்டுத் தன் பழைய சட்டையோடு நின்றாள். கில்பர்ட்டின் இடத்தில் ஓசூர் பக்கத்திலிருந்து ஒரு புது ஆள். மிஷினைக் கழுவிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டோரதி போய்ப் பார்த்தாள். பூட்டை மறுபடியும் கம்பியால் கட்டியிருந்தார்கள். பழையது தீயில் கருகிப்போனதால் புதுக் கம்பி பளபளவென்று மின்னியது.

ராகேஷ் மைக்கைப் பிடித்தான். எங்கள் கிளி எங்கே பறந்தாலும் கடைசியில் எங்கள் கூட்டுக்கே திரும்பும் என்றான். கைதட்டினார்கள். தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி, "இன்னைக்கு முதல் துணி என்னோடது" என்று தூக்கிப் பிடித்தான். போட்டோகிராபர் பளிச் பளிச் என்று எடுத்தான். மஞ்சுநாத் அந்தக் கோட்டை பயபக்தியோடு வாங்கி, மேசைப் பக்கமே கொண்டுபோகாமல் நேராக மிஷின் பெட்டிக்குள் போட்டான். புது ஆள் பச்சைப் பொத்தானில் விரலை வைத்தான்.

"நிறுத்து! பாக்கெட் பாக்கல!"

டோரதி பாய்ந்து அவனைத் தள்ளிவிட்டுக் கோட்டை வெளியே இழுத்தாள். பழக்கத்தில் அவள் கை தானாக உள்பாக்கெட்டுக்குள் போனது. வழவழவென்று ஒரு குட்டி டப்பா. காதில் மாட்டிக்கொள்ளும் இயர்பட்ஸின் டப்பா, உள்ளே பேட்டரியோடு. அவள் அதைத் தூக்கிக் காட்டினாள்.

ராகேஷ் சிரித்தான். "ஓ! தேங்க்ஸ் ஆன்ட்டி. மறந்தே போயிட்டேன்."

மறந்துபோனானாம். டோரதி காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன் முகத்திலேயே அடித்தாள். அவன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அடுத்த அடி விழுவதற்குள் மஞ்சுநாத் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, "பாயி முச்சே!" என்று கன்னடத்தில் வாயை மூடச் சொல்லி விலாவில் மிதித்தான். ஷோபா மேசையிலிருந்து வந்தாள். அவள் கையில் ஜிப் அறுக்கும் கத்தி. மூக்குத்தியைப் பிடுங்கிய அந்தக் கையிலேயே, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். மஞ்சுநாத் ஆடு மாதிரிக் கத்தினான்.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மஞ்சுநாத்தின் ஆட்கள் இரும்பு ராடுகளோடு இறங்கினார்கள். பெண்கள் ஜீன்ஸ் பேன்ட்டுகளைச் சுழற்றி அடித்தார்கள், கத்தியால் கீறினார்கள், கடித்தார்கள். ஒரு ராடு ஷோபாவின் தலையில் விழுந்தது. அவள் அப்படியே துணிக்குவியலின்மேல் சரிந்தாள், அவளுக்கடியில் வெள்ளைத் துணிகள் சிவந்தன. ஷாமியானா சாய்ந்தது. விருந்தாளிகள் கார்களுக்கு ஓடினார்கள். போட்டோகிராபர் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொண்டே இருந்தான்.

டோரதி டப்பாவைத் தன் சட்டையின் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ராகேஷ் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. அதன் நாடாவைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். அவன் கண் பிதுங்கியது. அப்படியே மிஷினுக்கு இழுத்துப்போய், அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, திறந்திருந்த கதவு வழியாக அவன் வலது கையைத் தோள்வரை பெட்டிக்குள் திணித்தாள். இன்னொரு கையின் விரல் பச்சைப் பொத்தானில் இருந்தது.

"எவனாவது கிட்ட வந்தா அமுக்கிடுவேன்!"

கோடவுன் அடங்கியது. ராடு வைத்திருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"வேணாம்! அமுக்காதீங்க! ப்ளீஸ்!" ராகேஷ் கதறினான்.

"ஏன் பயப்படுற? கதவு தொறந்துதானே இருக்கு? கதவு தொறந்திருந்தா தகடு எறங்காதுன்னு நீதானே கையெழுத்துப் போட்ட?"

"இறங்கும்! இறங்கும்!"

"எப்படி எறங்கும்?"

"கம்பி... கம்பி கட்டியிருக்கு!"

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும். முதல் தடவை வந்தப்பவே பாத்தேன். அவுத்தா லோடு லேட்டாகும்னு மஞ்சுநாத் சொன்னாரு. நானும் விட்டுட்டேன்."

"என் தம்பி குடிச்சிருந்தானா?"

"இல்ல. ஆஸ்பத்திரில கேட்டோம். குடிக்கலைன்னுதான் சொன்னாங்க."

"சத்தமா சொல்லு."

"கில்பர்ட் குடிக்கல!" அவன் தொண்டை கிழியக் கத்தினான். அவன் பேன்ட் நனைந்திருந்தது.

விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது. அமுக்கிவிடலாம். உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஆசையாகவே இருந்தது. விலாவில் இறங்கிய உதை, ஷோபாவின் மண்டை, ராத்திரியெல்லாம் இல்லாத விரல்கள் வலிக்கிறது என்று தம்பி முனகுவது, எல்லாம் அந்த விரல் நுனியில் வந்து நின்றன. ஆனால் இரும்புப் பெட்டிக்குள் அவன் கை விரிந்து கிடப்பதைப் பார்த்தாள். பார்க்கும்போது அது ஒரு கை, அவ்வளவுதான். அவள் விரலை எடுத்தாள்.

ராகேஷ் கையை உருவிக்கொண்டு தரையில் விழுந்தான். அதே நொடியில் மஞ்சுநாத் வெட்டுப்படாத கையால் பின்னாலிருந்து ராடை வீசினான். டோரதியின் தோளெலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

போலீஸ் எல்லாரையும் கில்பர்ட் இருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அள்ளிக்கொண்டு வந்தது. ஷோபாவை நினைவில்லாமல் உள்ளே கொண்டுபோனார்கள். மஞ்சுநாத்துக்கு ஒரு அறையில் தையல் போட்டார்கள், வாசலில் போலீஸ்காரர் நின்றார். வராந்தாவில் ஒரு பெஞ்சில் மூக்கில் பஞ்சோடு ராகேஷ், எதிர் பெஞ்சில் கையைத் தூளியில் தொங்கவிட்ட டோரதி. நடுவில் சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீலக்ஷ்மி, பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கான்ஸ்டபிள். சத்தம் கேட்டு வார்டிலிருந்து கில்பர்ட்டும் எழுந்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

ராகேஷ் கழுவுற மீனில் நழுவுற மீன். பெஞ்சில் உட்கார்ந்ததும் குரல் திரும்பிவிட்டது. "மேடம், அங்க நான் சொன்னதெல்லாம் உயிர் பயத்துல சொன்னது. கம்பிய நான் பாக்கவே இல்ல. உண்மையான காரணம் என்ன தெரியுமா? பாக்கெட் செக் பண்றது இவங்க வேலை. வேணும்னே நிறுத்திட்டாங்க. நிறுத்தச் சொன்னதே இந்த அம்மாதான். கேளுங்க."

ஸ்ரீலக்ஷ்மி திரும்பினாள். "நிஜவா அம்மா?"

டோரதி தம்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். இத்தனை நாள் மறைத்தது இப்போது வெளியே வந்துதான் ஆக வேண்டும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண்கள் யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த 'இல்லை'யும், எதிர் பெஞ்சில் இருக்கிறவன் சொல்லும் 'இல்லை'யும் ஒரே ஜாதி.

"ஆமா மேடம். நான்தான் பாக்காதீங்கன்னேன். மஞ்சுநாத்மேல இருந்த கோவத்துல சொன்னேன். அதனாலதான் என் தம்பி கை போச்சு." நிமிர்ந்து ராகேஷைப் பார்த்தாள். "என் பங்க நான் சொல்லிட்டேன். அவங்கவங்க பங்க அவங்கவங்க சொல்லட்டும்."

கில்பர்ட் கட்டுப்போட்ட குறைக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான். "நீ சொன்னப்ப நானும் அங்கதானே நின்னேன். என்கிட்ட எப்ப சொல்லுவேன்னுதான் காத்துட்டிருந்தேன்."

டோரதி வாய்விட்டு அழுதாள். அவன் இடது கையால் அவள் முதுகைத் தட்டினான். தட்டும்போது அவள் சட்டைப் பாக்கெட் புடைத்திருப்பது கையில் பட்டது. "என்னக்கா இது?" என்று உள்ளே விரலை விட்டு எடுத்தான். வெள்ளை டப்பா.

எதிர் பெஞ்சிலிருந்து ராகேஷ் சட்டென்று எழுந்தான். "மேடம், அது என்னோடது."

ஸ்ரீலக்ஷ்மி டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. "ஒங்களதா? நிச்சயமாவா?"

"என்னோடதுதான் மேடம். என் கோட்டு உள்பாக்கெட்ல இருந்தது. கோட்ட மிஷின்ல போட்டப்ப இந்த அம்மா எடுத்துட்டாங்க. விலை ஜாஸ்தி."

ஸ்ரீலக்ஷ்மி கான்ஸ்டபிளிடம் திரும்பினாள். "பரீரி, எழுதிக்கோங்க. பேட்டரி அவருதாம். மிஷினுக்குள்ள போன கோட்டும் அவருதாம். பாக்கெட் பாக்காததுதான் காரணம்னாரு, தன் பாக்கெட்ட அவரே பாக்கல. போட்டோகிராபரக் கூப்பிடுங்க, அந்தக் கம்பியும் படத்துல இருக்கான்னு பாக்கலாம்."

டப்பாவுக்கு நீட்டிய கையை ராகேஷ் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்ட மிஷின் அவனுடையது இல்லை, லேபிள் தைத்த துணி அவனுடையது இல்லை, போன கை அவனுடையது இல்லை. இத்தனை நாளில் அவன் தன்னுடையது என்று கேட்டு வாங்க எழுந்தது இந்த ஒரு டப்பாவுக்குத்தான். டோரதிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. சிரித்தால் முறிந்த எலும்பு குத்தியது. அவள் தம்பியின் தோளில் சாய்ந்துகொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.